ஏர் பிடித்த கையும் எழுதுகோலும்: தாமஸ் டஸ்ஸரின் உழவு நூல்

உழவைப் போற்றாத இலக்கியம் உலகில் இல்லை. ஆயினும் உழவைப் போற்றிய புலவருட் பலர் வரப்பின்மேல் நின்று பாடியவர். சேற்றில் இறங்கியவர் சிலர். அச்சிலருள்ளும் பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மழைக்கும் விலைக்கும் நிலக்கிழாருக்கும் ஒருசேர அஞ்சி வாழ்ந்தவர் மிக அரியர். அத்தகைய ஒருவர் தம் தொழிலையும் தம் தோல்விகளையும் தாமே செய்யுளில் எழுதி வைத்துச் சென்றார் என்றால், அந்நூல் நம் கவனத்திற்கு உரியதன்றோ? 16ஆம் நூற்றாண்டு ஆங்கில நாட்டில் வாழ்ந்த தாமஸ் டஸ்ஸர் அத்தகையவர். அவர் நூலை இலக்கியம் என்று ஏற்பதா, வெறும் பயிர்த்தொழில் கையேடு என்று ஒதுக்குவதா என்னும் வினாவையும், தாம் செழிக்காத ஒருவர் பிறர்க்குச் செழிக்கும் வழி கூறலாமா என்னும் அதனினும் கூரிய வினாவையும் இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுகிறோம்.

வாழ்க்கைச் சுவடு

டஸ்ஸர் ஏறத்தாழ 1524ஆம் ஆண்டில் எசெக்ஸ் மாநிலத்தின் ரிவன்ஹால் என்னும் ஊரில் பிறந்தார். இனிய குரல் அவருக்கு வாய்த்தது. அக்குரலே அவருக்கு முதல் விலங்காகவும் ஆயிற்று. சிறுவனாக இருந்தபோதே கோயிற் பாடகர் குழுவில் சேர்க்கப்பட்டு, பின்னர் இலண்டன் தூய பவுல் பேராலயத்தில் இசை பயின்றார். ஈட்டன் பள்ளியில் நிக்கலஸ் யூடால் என்னும் புகழ்பெற்ற ஆசிரியரிடம் சிறு பிழைக்காக 53 அடி பெற்றதை முதுமையிலும் அவர் மறக்கவில்லை. தம் வரலாற்றுச் செய்யுளில் அந்த எண்ணிக்கையையே பதிந்து வைத்தார். அடியை எண்ணி வைத்த அதே மனம்தான் பின்னர்ப் பண்ணைக் கருவிகளையும் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தது என்று நமக்குத் தோன்றுகிறது.

கேம்பிரிட்ஜ் கல்விக்குப் பின் பேஜட் பிரபுவின் மாளிகையில் இசைவாணராகப் பத்தாண்டு பணியாற்றினார். 1553ஆம் ஆண்டையொட்டி அரண்மனை வாழ்வைத் துறந்து மணம் புரிந்துகொண்டு, சஃபோக் மாநிலத்தில் ஸ்டவர் ஆற்றங்கரையிலுள்ள கேட்டவேட் என்னும் ஊரில் குத்தகை உழவரானார். அவருடைய முதல் நூல் அங்கே பிறந்தது. ஆனால் ஆற்றோரக் காற்று மனைவியின் உடல்நலத்துக்கு ஒவ்வவில்லை. அவளுக்காகப் பண்ணையை விட்டு இப்ஸ்விச் நகருக்குப் பெயர்ந்தார். அங்கே அவள் இறந்தாள். மறுமணத்திற்குப் பின் நார்ஃபோக் மாநிலத்தின் மேற்கு டீரம் என்னும் ஊரில் மீண்டும் குத்தகை உழவு. ஆதரவளித்த சவுத்வெல் என்னும் நிலக்கிழார் மறைந்ததும் அவ்விடமும் நிலைக்கவில்லை. நாரிச் நகரப் பேராலயத்தில் மீண்டும் பாடகரானார். அடுத்து எசெக்ஸின் ஃபேர்ஸ்டெட் ஊரில் திருச்சபைக்குரிய தசமபாகத்தைத் திரட்டும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தார். அவ்வூர்க் குருவின் ஆயுள் முடிந்தால் தம் பிழைப்பும் முடியும் என்ற அச்சம் அங்கிருந்தும் அவரை விரட்டியது. இலண்டனுக்குச் சென்றார்; 1573-74இல் அங்கே கொள்ளைநோய் பரவியபோது கேம்பிரிட்ஜில் அடைக்கலம் புகுந்தார். இறுதியில் 1580 மே 3ஆம் நாள் இலண்டனில், கடனாளிகளை அடைக்கும் சிறையில் உயிர் நீத்தார்.

இவ்வரலாற்றில் ஓர் உண்மை நம் உள்ளத்தைத் தைக்கிறது. டஸ்ஸர் ஊர்தோறும் பெயர்ந்தமைக்கு உழவறியாமை காரணமாகச் சொல்லப்படவில்லை. மனைவியின் நோய், புரவலரின் இறப்பு, இன்னொருவர் ஆயுளைப் பற்றிய அச்சம், கொள்ளைநோய் ஆகியவையே அவரை வேரோடு பிடுங்கின. குத்தகை உழவனின் வாழ்வு தன் கையில் இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நூறு ஐந்நூறாய் வளர்ந்த நூல்

1557இல் ரிச்சர்ட் டாட்டல் என்னும் அச்சகத்தார் ‘நல்லுழவுக்குரிய நூறு குறிப்புகள்’ என்னும் பொருள்படும் டஸ்ஸரின் சிறுநூலை வெளியிட்டார். அதே ஆண்டில் அதே அச்சகத்தார்தாம் வயட், சர்ரே முதலிய அரசவைப் புலவர்களின் காதற் பாடல்களைத் திரட்டி வெளியிட்டு ஆங்கிலக் கவிதை வரலாற்றில் நிலைத்த பெயர் பெற்றார். இலக்கிய வரலாற்றாசிரியர் அத்தொகுப்பைப் பற்றி நிறையப் பேசுவர். பக்கத்தில் கிடந்த உழவு நூலைப் பற்றிச் சுருங்கவே பேசுவர். ஒரே அச்சகத்தில் ஒரே ஆண்டில் அரசவையின் குரலும் வயற்காட்டின் குரலும் வெளிவந்தன என்பதையும், இரண்டாவது குரலுக்கு உரியவர் முதற் குரலின் உலகிலிருந்து தாமே வெளியேறி வந்தவர் என்பதையும் நாம் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1570இல் இல்லறப் பணிகள் பற்றிய நூறு குறிப்புகள் உழவுக் குறிப்புகளுக்கு மணமுடிக்கப்பட்டதாகக் கூறி ஆசிரியர் நூலை விரித்தார். 1573இல் அது ‘ஐந்நூறு குறிப்புகள்’ ஆயிற்று. அவர் வாழ்நாளிலேயே பலமுறை அச்சேறியது. அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்து பதிப்பிக்கப்பட்டது. குத்தகை நிலங்கள் கை நழுவிப்போன ஆண்டுகளிலும் அவர் கைவிடாது உழுது வந்த வயல் இந்நூல் ஒன்றே எனலாம்.

ஆண்டு தொடங்கும் இடம்

நூலின் அமைப்பிலேயே குத்தகை உழவனின் கண் தெரிகிறது. 1573ஆம் ஆண்டுப் பதிப்பில் உழவாண்டு செப்டம்பரில் தொடங்குகிறது. செப்டம்பர் 29, மிக்கேல் திருநாள், ஆங்கில நாட்டில் குத்தகைகள் மாறும் நாள். பழைய குத்தகையாளன் அத்திருநாளுக்கு முந்தைய மாலை வரை நிலத்தை விடாமல் பிடித்திருப்பான். மறுநாள் புதியவன் நுழைந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே, பண்ணையை விடுவதா, வைத்திருப்பதா, புதிதாக எடுப்பதா என்பதைத் திருநாளுக்கு முன்பே தெளிந்து பேசி முடித்துக்கொள், கண்ணால் காணாததை விலை பேசாதே என்று டஸ்ஸர் எச்சரிக்கிறார். நிலத்துக்கு உரியவனுக்கு ஆண்டு வசந்தத்தில் தொடங்கலாம். குத்தகையாளனுக்கோ அது ஒப்பந்தத்தில்தான் தொடங்குகிறது. இந்த ஒரு நுட்பத்தை உணர்ந்தால் நூல் முழுவதும் வேறொரு வெளிச்சத்தில் தெரியும்.

அதனை அடுத்து வரும் கருவிப் பட்டியல் படிப்போரை மலைக்கச் செய்வது. களஞ்சியப் பூட்டு, ஏணி, கவைக்கோல், கதிரரிவாள், வண்டி, கலப்பை, கோடரி, கயிறு என்று அது செய்யுளிலேயே நீண்டு செல்கிறது. இதனைக் கவிதை என்று கூற இயலுமா என்று வினவுவார் உண்டு. நாம் அதனை இவ்வாறு காண்கிறோம்: புதுப் பண்ணைக்குள் வெறுங்கையோடு நுழையும் ஒருவன், எது இல்லாவிடின் எந்த நாளில் வேலை நின்றுபோகும் என்று இரவில் விரல்விட்டு எண்ணுகிறான். அந்த எண்ணத்தின் ஓசையே இப்பட்டியல். அழகுக்காகச் சேர்த்த ஒரு பெயர்கூட இதில் இல்லை.

பின்னர் மாதங்கள் வரிசையாக வருகின்றன. இலையுதிர் காலத்தில் ரையும் கோதுமையும் விதைப்பு, குளிர்காலத்தில் கதிரடிப்பும் வேலி சீரமைப்பும், ஆட்டுக்குட்டியும் கன்றும் பிறக்கும் காலத்துக் கவனிப்பு, மார்ச்சில் வாற்கோதுமை விதைப்பு, மே மாதக் களையெடுப்பு, ஜூனில் ஆட்டைக் கழுவி மயிர் கத்தரித்தல், ஜூலையில் புல் அறுத்து உலர்த்தல், ஆகஸ்டில் அறுவடை. ஒவ்வொரு மாதமும் முன்மாதம் செய்யத் தவறியதை நினைவூட்டி, பின்மாதத்துக்கு வேண்டுவதைக் கேட்கிறது. காலம் எவருக்காகவும் காத்திராது என்னும் பொதுவுண்மை இங்கே அறவுரையாக வரவில்லை; வேலையின் வரிசையாகவே வருகிறது.

செய்யுளின் பயன்

டஸ்ஸரின் யாப்பு எளிது. துள்ளி ஓடும் சீர்கள், இரண்டிரண்டு அடிகளாக இணையும் இயைபு. நம் சிந்துப் பாடல்களின் நடையை அது நினைவுபடுத்தும். படிப்பறியாத பணியாளனும் ஒருமுறை கேட்டால் மறவான். ஆங்கில மக்கள் வழங்கும் பழமொழிகள் சிலவற்றின் பழைய வடிவம் இவர் நூலில் காணப்படுவதற்கு இந்த ஓசையே காரணம்.

நகைச்சுவைக்கு ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். பாலாடைக்கட்டி செய்யும் சிஸ்லி என்னும் பணிப்பெண்ணுக்கு, அழையாமல் வந்துசேரும் பத்து விருந்தாளிகளைப் பற்றி ஆசிரியர் பாடம் சொல்கிறார். அப்பத்தும் கட்டியில் நேரும் பத்துக் குற்றங்கள். வெளுத்து வறண்ட கட்டி விவிலியத்தில் தொழுநோய் பெற்ற கேயாசி. உப்பு மிகுந்தது உப்புத்தூணான லோத்தின் மனைவி. துளை மலிந்தது நூறு கண்ணுடைய ஆர்கஸ். மயிர் கலந்தது உடலெல்லாம் மயிர் கொண்ட ஏசா. நீர் வடிவது கண்ணீர் விட்ட மகதலேனா. கோயிலில் கேட்ட கதைகளைத் தவிர வேறு கல்வி இல்லாத ஒரு பெண்ணுக்கு, அக்கதைகளையே அளவுகோலாக்கித் தொழிலின் தரத்தைக் கற்பிக்கும் இவ்வுத்தி, நல்லாசிரியன் ஒருவனின் உத்தி. 53 அடி வாங்கிக் கற்றவர் சிரிக்க வைத்துக் கற்பிக்கிறார்.

இல்லறப் பகுதியும் புறக்கணிக்கத்தக்கதன்று. கோழி கூவும் வேளை முதல் விளக்கணைக்கும் வேளை வரை இல்லத்தலைவி செய்யும் பணிகளை அவர் வரிசைப்படுத்துகிறார். வயலில் ஈட்டியது அடுக்களையில் தங்காவிடின் பண்ணை தங்காது என்பது அவர் துணிபு. பெண்ணின் உழைப்பையும் பண்ணையின் உழைப்பாகவே மதித்து எண்ணிய நூல் என்ற வகையில் இதற்குத் தனிச் சிறப்புண்டு.

குறைகள்

போற்றுவதோடு நில்லாது குறைகளையும் கூறுவதே திறனாய்வு. டஸ்ஸருக்குச் சொல் விளையாட்டில் அடங்கா ஆசை. பேஜட் பிரபுவுக்குரிய காணிக்கைச் செய்யுளின் அடிமுதல் எழுத்துகளைக் கூட்டினால் ஆசிரியர் பெயர் வரும்; முடிவுரையில் பன்னிரண்டு அடிகளில் ஒவ்வொரு சொல்லையும் ஒரே எழுத்தில் தொடங்குகிறார். நம் சித்திரகவிகளை ஒத்த இவ்வித்தைகள் ஏர்க்காலில் கட்டிய சலங்கை போல்வன. ஓசை தரும், உழவுக்கு உதவா.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. திறந்தவெளி வயல்களையும் வேலியடைத்த நிலங்களையும் ஒப்பிட்டு, அவர் வேலியடைப்பையே உயர்த்திப் பாடுகிறார். தனி வேலிக்குள் ஒருவன் தன் விருப்பப்படி பயிரிட்டு மிகுதியாக விளைவிக்கலாம் என்பது தொழில் வகையில் உண்மையே. ஆனால் வேலியடைப்பால் மேய்ச்சல் உரிமை இழந்த ஏழையர் கொதித்தெழுந்த கெட் கிளர்ச்சி நார்ஃபோக்கில் நிகழ்ந்தது 1549இல். டஸ்ஸரின் முதல் நூலுக்கு எட்டே ஆண்டு முன்பு. அம்மாநிலத்திலேயே பின்னர்க் குத்தகை உழவு செய்தவர், விறகுக்காக வேலியை முறிப்பவனைச் சினந்து பேசுகிறாரேயன்றி, அவன் ஏன் முறிக்கிறான் என்று நின்று கேட்பதில்லை. தாமும் நிலமற்றவராயிருந்தும், தமக்குக் கீழே நிலமற்றவனை அவர் முழுதும் காணவில்லை.

எனினும் அறுவடைப் பகுதியில் வேறொரு டஸ்ஸரைச் சந்திக்கிறோம். அறுவடைக் கூட்டத்தின் தலைவனுக்குச் சற்றுக் கூடுதலாகக் கூலி கொடு. அறுப்போர்க்குக் கையுறை வழங்கு. தசமபாகத்தை நேர்மையாக அள. கதிர்க்கட்டுகள் வீடு சேர்ந்தபின் ஏழையர் முதலில் வந்து உதிர்ந்த கதிரைப் பொறுக்கட்டும், உன் மாடுகள் அதன்பின் மேயட்டும் என்கிறார். ஏழையர்க்குப் பின்னரே மாடுகள் என்ற அவ்வரிசை ஒரு சிறு அறநூல். களம் நிறைந்த நாளில் உழைத்தவர் யாவரும் ஒருங்கிருந்து உண்ண வேண்டும் என்பதையும் அவர் மறக்கவில்லை.

நம் இலக்கியக் கண்கொண்டு

வள்ளுவர் உழவுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். கம்பர் பெயரால் வழங்கும் ஏரெழுபது ஏரின் உறுப்புகளை ஒவ்வொன்றாக வாழ்த்துகிறது. முக்கூடற்பள்ளு நெல்வகையும் மாட்டுவகையும் கருவிவகையும் அடுக்கிச் சொல்லும் அழகு டஸ்ஸரின் பட்டியல்களுக்கு அருகில் வைத்துக் காணத்தக்கது. ஆனால் ஒரு வேறுபாடு உளது. பள்ளு நூலில் பண்ணைக்காரனிடம் கணக்கொப்பிக்கும் பள்ளனைப் பற்றிப் புலவர் பாடினார்; பள்ளன் தானே பாடவில்லை. ஏரெழுபதின் பெருமிதம் உழவரைப் புறத்தே நின்று வணங்கும் பெருமிதம். டஸ்ஸரோ வணங்கவில்லை, நாளை காலை என்ன செய்ய வேண்டும் என்று கூறுகிறார். நம் நூல்கள் கவித்திறத்தில் பன்மடங்கு உயர்ந்தவை என்பதில் ஐயமில்லை. உழவனே எழுதிய உழவேடு என்ற வகையில் டஸ்ஸரின் நூலுக்குள்ள இடம் வேறு.

அவர் நாட்டிலேயே வேறுவகை ஏடுகளும் எஞ்சியுள்ளன. பெர்க்‌ஷயர் மாநிலத்து ஹார்வெல் ஊரின் ராபர்ட் லோடர் 1610 முதல் 1620 வரை எழுதிய பண்ணைக் கணக்கு 1936இல் அச்சாயிற்று. விதைத்தது இவ்வளவு, விற்றது இவ்வளவு, பணியாளர்க்குச் செலவு இவ்வளவு என்று அவர் எண்ணால் பேசுகிறார். டஸ்ஸரிடம் அத்தகைய எண்கள் இல்லை. பொருளியல் வரலாற்றாசிரியர்க்கு இது பெரும் இழப்பே. ஆனால் கணக்கேட்டில் காணாத ஒன்று டஸ்ஸரிடம் உண்டு. அது ஓர் ஆண்டின் வேலையைச் சுமக்கும் மனத்தின் கவலை.

சாணைக்கல் வழக்கு

இனி, தொடக்கத்தில் எழுப்பிய இரண்டாம் வினாவுக்கு வருவோம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹென்றி பீச்சம் என்பார், டஸ்ஸர் பிறரைத் தீட்டித் தாம் மழுங்கிக் கிடந்த சாணைக்கல் என்று எள்ளினார். 1662இல் வெளிவந்த நூலில் தாமஸ் ஃபுல்லர், எவ்வகை வெண்ணெயைத் தடவியும் இவர் அப்பத்தில் ஒன்றும் ஒட்டவில்லை என்று நகையாடினார். இவ்விரு கூற்றும் இன்றுவரை டஸ்ஸரின் பெயரோடு ஒட்டிக்கொண்டுள்ளன.

இவ்வழக்கில் மூன்று சான்றுகளை நாம் முன்வைக்கிறோம். முதலாவது, அவருடைய இறுதி விருப்ப ஆவணம். சிறையில் இறந்தவராயினும், கேம்பிரிட்ஜை அடுத்த செஸ்டர்ட்டனில் அவருக்குச் சிறு நிலம் இருந்தது. முற்றும் வறியவராய் மடிந்தார் என்னும் கதை அவ்வாவணத்தின் முன் நிற்காது. இரண்டாவது, தொழிலறிந்தோர் தீர்ப்பு. அவர் மறைந்து 130 ஆண்டுகளுக்குப் பின், 1710இல், டேனியல் ஹில்மன் அவர் செய்யுள்களுக்குத் தொழிலுரை எழுதி மாதந்தோறும் வெளியிட்டார். 1723இல் மோல்ஸ்வர்த் பிரபு, உழவுப் பள்ளிகளை நிறுவி டஸ்ஸரின் நூலை மாணவர் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தார். மழுங்கிய அறிவை ஒன்றரை நூற்றாண்டு கழித்து எவரும் மனப்பாடம் செய்யச் சொல்லார். மூன்றாவது, டஸ்ஸரே எழுதிய வாழ்க்கைச் செய்யுள். தம் பெயர்ச்சிகளையும் இழப்புகளையும் மறைக்காமல் உழவு நூலோடு சேர்த்தே அவர் அச்சிட்டார். தோற்றவன் எழுதியது என்று பகைவர் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. நூலாசிரியரே வாசலில் எழுதி வைத்துவிட்டார்.

அறிவுரை கூறும் நூல்கள் பெரும்பாலும் வென்றவர் எழுதுவன. அவர்க்கு வாய்த்த நிலமும் முதலும் நற்பேறும் அவர் திறமையின் கணக்கில் சேர்ந்துவிடும். தோற்றவன் எழுதிய நூலில் அக்கலப்படம் இல்லை. எது உழைப்பால் ஆவது, எது உழைத்தும் ஆகாதது என்பதை அவனே பிரித்தறிவான். டஸ்ஸரின் ஐந்நூறு குறிப்புகள் முதலாவதைக் கூறுகின்றன. அவர் வாழ்க்கைச் செய்யுள் இரண்டாவதைக் கூறுகிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்போர்க்கே அந்நூல் முழுமையாகும். தனித்தனியே படித்தால் ஒன்று வறட்டு அறிவுரை. மற்றொன்று வெறும் புலம்பல்.

1878இல் ஆங்கில வட்டார வழக்குக் கழகம் இந்நூலைச் செம்மையாகப் பதிப்பித்தது. 1984இல் ஆக்ஸ்ஃபோர்டு மீண்டும் வெளியிட்டது. சொல்லாராய்ச்சிக்காகவும் நாட்டு வழக்கிற்காகவும் அறிஞர் இதனை நாடுகின்றனர். நாம் நாட வேண்டிய காரணம் வேறு. ஊர் விட்டு ஊர் வந்து, வாடகை வீடுகளில் ஒப்பந்த நாளைக் கொண்டே ஆண்டைக் கணக்கிட்டுப் பழகிய குடும்பங்கள் நம்மிற் பல. ஒவ்வொரு பெயர்ச்சியிலும் எதை எடுப்பது, எதை விடுவது என்று இரவில் பட்டியல் எழுதிய தாய்மாரை நாம் அறிவோம். அப்பட்டியல்களை எவரும் காத்து வைக்கவில்லை. டஸ்ஸர் தம் பட்டியலைக் காத்து வைத்தார். காத்ததனால், நிலம் கொடுத்த பிரபுக்கள் பலரின் பெயர் மறைந்த பின்னும் குத்தகைக்காரரின் பெயர் நிற்கிறது. இவ்வாண்டு வீடு மாறுவோர், பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய குடும்பக் கணக்கேட்டை எறியுமுன் ஒருமுறை புரட்டிப் பார்ப்பார்களாக.